சாயம் வர லேட்டானால் மூச்சுப்பயிற்சி என்ன செய்யும்?

வாசகர் கடிதம்:

"திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஹெச்.ஆர். மேனேஜராக இருக்கிறேன். எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் 16 பேர். ஆறு மாதத்தில் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் 27 வயதுப் பெண் ஒருவர் சாம்பிள் செக்‌ஷனில் மயங்கி விழுந்துவிட்டார். டாக்டர் 'ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்' என்று சொல்லி அனுப்பினார். இப்போது லீவில் இருக்கிறார், திங்கட்கிழமை வருகிறார். எங்கள் எம்.டி. சார் நல்லவர். 'நல்ல டிரெய்னராகப் பார்த்து, ஒரு சனிக்கிழமை அரை நாள் ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் ப்ரோக்ராம் வைத்துவிடுங்கள்' என்று 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். யோகா, தியானம், சிரிப்பு சிகிச்சை, இதில் எதை வைத்தால் பலன் இருக்கும்? இன்னொரு சந்தேகம். நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் இதைவிட அதிகமாகவே உழைத்தோம். இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தி குறைவா? இவர்களிடம் போய் 'உனக்கு ஸ்ட்ரெஸ் இருக்கா?' என்று கேட்டால் இல்லாதவர்களுக்கும் வந்துவிடாதா?"

தொழில்சார் உளவியலாளரின் பதில்:

வணக்கம்ங்க. 'எம்.டி. சார் நல்லவர்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குப் பாதி நிம்மதி. ஆள் போனால் ஆள் என்று நினைக்கிற இடத்தில் என் ஆலோசனை எதுவும் எடுபடாது. நல்லவர்தான், பணத்தைத் தப்பான இடத்தில் போடப் போகிறார் என்றால் பேசிப் பார்க்கலாம்.

முதலில் என் கதை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், நீங்கள் தேடுகிற அந்த டிரெய்னராகத்தான் நான் இருந்தேன். பலூன் ஊதி உடைக்கச் சொல்வது, கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொல்வது, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துவிடச் சொல்வது, எல்லாம் செய்திருக்கிறேன். ஒரு கம்பெனியில் அப்படி ஒரு மதியம் நடத்தி முடித்துவிட்டு, "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். எல்லோரும் சூப்பர் என்றார்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, "நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு. என்ன, இங்க உட்கார்ந்த மூணு மணி நேரத்து வேலையை ராத்திரி உட்கார்ந்து முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகோணும்" என்றார். அன்றைக்கு மாதக் கடைசி. அது தெரியாமல் தேதி கொடுத்திருக்கிறேன். அவருக்கு அன்றைய ஸ்ட்ரெஸ்ஸே நான்தான். செக்கை வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், எதை வைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்களில் வேலை பார்க்கும் 46,336 பேர் கொடுத்த பதில்களை அலசியது அது. தியான வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்பு, தூக்கத்துக்கான மொபைல் ஆப் என்று தனி ஆளைக் குறிவைத்து நடக்கும் திட்டங்களில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சேர்ந்தவர்கள் ஒன்றும் கூடுதல் நலமாக இல்லை. யோகா கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் காலையில் செய்கிறேன், முதுகுவலிக்கு. ஆனால் சாயப்பட்டறையிலிருந்து துணி நாலு நாள் லேட்டாக வருகிறது, அதற்குத் திட்டு மட்டும் மெர்ச்சண்டைசருக்கு விழுகிறது என்றால், அந்தப் பெண் எவ்வளவு ஆழமாக மூச்சை இழுத்து விட்டாலும் துணி சீக்கிரம் வராது.

ஊருக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மெர்ச்சண்டைசர் என்பவர் பையருக்கும், அதாவது ஆர்டர் கொடுத்துத் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும், கம்பெனிக்கும் நடுவில் நிற்கிறவர். ஆர்டர் விசாரணை வந்த நாளிலிருந்து பெட்டி கப்பலேறும் நாள் வரை அந்த ஆர்டர் அவர் தலையில். விலை போடுவது, லேப் டிப் என்கிற சாயம் ஏற்றிய மாதிரித் துண்டை அனுப்பிக் கலர் ஓகே வாங்குவது, சாம்பிள் தைத்து அனுப்புவது, நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று கேட்பது, எல்லாம் அவர் பாடு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாசல்களில் ஒன்றுகூட அவர் சொல் கேட்டுத் திறப்பதில்லை.

உங்கள் ஊரிலேயே வேறொரு கம்பெனியில், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மெர்ச்சண்டைசர் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கருவி கிடையாது என்பது என் கட்சி. ஒரு போன் அழைப்புக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அப்புறம் இன்னொன்று செய்தேன். அவரே "சரிங்க, இப்படிச் செஞ்சுடுங்க" என்று சொல்லி முடித்துவைத்த அழைப்புகளுக்கு மட்டும் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் "கேட்டுட்டுச் சொல்றேனுங்க", "சார் வரட்டுங்க", "அண்ணா, இன்னைக்காச்சும் கண்டிப்பா வந்துருங்களா?" இந்த மூன்றில் ஒன்று.

மாலை ஆறு மணிக்கு நடந்ததுதான் இன்னும் மனதில் இருக்கிறது. பையருக்குப் போக வேண்டிய சாம்பிள் தயார். இஸ்திரி போட்டு, டேக் கட்டி, பாலிதீன் கவரில் மேஜைமேல் இருக்கிறது. கூரியருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் செலவு. அதற்கு மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் டெல்லியில் ஒரு கண்காட்சியில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை. இந்தப் பெண் கூரியர் பையனைக் கெஞ்சி இருபது நிமிடம் நிறுத்திவைத்தார். அவனும் பாவம், எத்தனை கம்பெனி போக வேண்டும். போய்விட்டான். மறுநாள் காலை பையரிடமிருந்து "ஏன் சாம்பிள் அனுப்பவில்லை?" என்று மெயில். அதன் நகல் எம்.டி.க்கு. அவர் டெல்லியிலிருந்து கூப்பிட்டு, "ஒரு சாம்பிள்கூட டயத்துக்கு அனுப்பத் தெரியாதா?" என்றார். பல லட்ச ரூபாய் ஆர்டரை நம்பி ஒப்படைத்த ஆளை இரண்டாயிரம் ரூபாய்க்கு நம்பவில்லை. அன்று அந்தப் பெண்ணுக்கு வேலை அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். மாலை ஆறிலிருந்து ஏழு வரை அவர் செய்த வேலை காத்திருந்தது மட்டும்தான். அந்த ஒரு மணி நேரம்தான் அவரைத் தின்றது.

இதைத்தான் ராபர்ட் கராசெக் என்பவர் 1979-இலேயே அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களின் கணக்கெடுப்புகளை வைத்துச் சொன்னார். வேலை எவ்வளவு நெருக்குகிறது என்பது ஒரு கேள்வி. அந்த வேலையில் முடிவெடுக்க நமக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நெருக்கடி அதிகம், முடிவெடுக்கும் இடமும் அதிகம் என்றால் ஆள் சோர்ந்து வீட்டுக்குப் போனாலும் அந்த வேலையில் வளர்கிறார். நெருக்கடி அதிகம், கையில் ஒன்றும் இல்லை என்றால்தான் உடம்பும் மனசும் உடைகிறது. உங்கள் எம்.டி. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் உழைக்கிறவராக இருக்கலாம். "நான் தாங்கலையா?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. டையிங் லேட்டானால் பட்டறையை மாற்றச் சொல்ல அவரால் முடியும் என்பதுதான் பதில்.

உடம்பு உடைகிறது என்று சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. லண்டனில் அரசு ஊழியர்களிடம் மைக்கேல் மார்மட் குழுவினர் நடத்திய வைட்ஹால் ஆய்வுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய பதவியில் இருக்கிறவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். பார்த்தால் தலைகீழ். கடைநிலையில் இருந்தவர்கள்தான் இதய நோயில் அதிகம் செத்தார்கள். 1985-இல் 10,308 பேரை வைத்துத் தொடங்கிய இரண்டாவது சுற்றில், வேலையில் தன் கையில் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் புதிதாக வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இத்தனைக்கும் அவர்கள் சம்பளம் நிச்சயமான, ஓய்வூதியம் உள்ள ஆபீஸ் உத்தியோகக்காரர்கள்.

சரி, தலைமுறைக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் உழைத்தீர்கள் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஃபேக்ஸ் காலத்தில் சாயங்காலம் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டால் மறுநாள் பதில் வரும்வரை அந்த ஆர்டரில் உங்களுக்கு வேலையில்லை. நடுவில் இருந்த அந்த இரவு உங்களுடையது. அதை யாரும் ஓய்வு என்று பெயர் வைத்துக் கொடுக்கவில்லை, தானாகக் கிடைத்தது. இன்றைக்கு நியூயார்க்கில் பையர் காலை பத்து மணிக்கு காபியோடு உட்காரும்போது திருப்பூரில் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. லண்டனில் ஐந்து மணிக்குக் கடையைக் கட்டுமுன் கடைசியாக ஒரு மெசேஜ் தட்டுகிறார் என்றால் இங்கே ஒன்பதரையோ பத்தரையோ. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒரு கையில் போனைப் பார்த்து "நோட்டட்" என்று பதில் போடுகிறார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு மனமும் வேலையை விட்டு இறங்கினால்தான் மறுநாளைக்குத் தெம்பு ஊறும் என்று ஜெர்மானிய உளவியலாளர் சபீனா சொன்னென்டாக் பல வருடமாக ஆராய்ந்து சொல்லிவருகிறார். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த இறங்கும் படியே இல்லாமல் போய்விட்டது. தாங்கும் சக்தி அதேதான். தாங்க வேண்டிய நேரம்தான் நீண்டுவிட்டது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35–40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து சொன்னதையும் எம்.டி. சார் காதில் போட்டுவையுங்கள். வீட்டில் போனில் பார்க்கிற வேலையை நீங்கள் மணிக்கணக்கில் சேர்ப்பதில்லை என்று நினைக்கிறேன்.

"கேட்டால் இல்லாதவர்களுக்கும் வந்துவிடாதா?" என்கிறீர்கள். வராது. ஆனால் உங்கள் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், கேட்காமலே இருந்ததைவிட மோசமாகிவிடும். அதனால் "உனக்கு ஸ்ட்ரெஸ் இருக்கா?" என்று கேட்காதீர்கள். 1 முதல் 5 வரை மார்க் போடும் கூகுள் ஃபார்மும் வேண்டாம். 16 பேர் இருக்கும் இடத்தில் பெயர் போடாத படிவம் என்று ஒன்று கிடையாது. எந்த எழுத்துப்பிழை யாருடையது என்று உங்களுக்கே தெரியும், அது அவர்களுக்கும் தெரியும். ஒவ்வொருவராக, அரை மணி நேரம், மேஜைக்கு எதிரெதிரே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "போன மாசத்துல உங்களுக்கு ரொம்ப மோசமான நாள் எது? அன்னைக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சு?" இது போதும், கதை வரும். கடைசியில், "அன்னைக்கு எந்த ஒரு விஷயம் உங்க கையில இருந்திருந்தா அந்த நாள் அப்படி ஆயிருக்காது?" என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் கண் முன்னால் எழுதுங்கள், பெயர் எழுதாதீர்கள்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். ஹெச்.ஆர். என்றால் முதலாளி ஆள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் நாலு பேர் "ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க மேடம்" என்பார்கள். ஐந்தாவது ஆள் வாய் திறப்பதற்குள் ஏற்கெனவே சொன்ன ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் சரிசெய்து காட்டியிருக்க வேண்டும். சாம்பிள் செக்‌ஷனில் ஃபேன் ஓடவில்லை என்றால் அதையாவது.

இப்படிச் சேர்ந்த கதைகளைப் பிரித்து அடுக்க வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிட்டனின் ஹெச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பு 2004-இல் கொண்டுவந்த ஆறு தலைப்புகளை நான் பயன்படுத்துகிறேன். வேலையின் பளு, கையில் உள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் ஆதரவு, ஆட்களுக்குள் உறவு, யார் எதற்குப் பொறுப்பு என்ற தெளிவு, மாற்றங்களை எப்படிச் சொல்கிறார்கள் என்பது. இதில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சரிசெய்யப் போனால் எதுவும் நடக்காது. உங்கள் பிரிவில் இரண்டாவதும் ஐந்தாவதும்தான் புண் என்று உங்கள் கடிதத்தை வைத்தே ஊகிக்கிறேன். பேசிப் பார்த்த பிறகு நான் சொன்னது தப்பென்று தெரிந்தால் என் ஊகத்தைத் தூக்கிப் போடுங்கள்.

நான் ஊகித்தது சரியென்றால் முதலில் தொட வேண்டியது கையெழுத்து. எவ்வளவு ரூபாய் வரை மெர்ச்சண்டைசரே முடிவெடுக்கலாம் என்று எழுத்தில் ஒரு வரம்பு போடச் சொல்லுங்கள். 5,000 என்று வைத்துக்கொள்வோம். கூரியர், அவசரத்துக்கு வாங்கும் நூல்கண்டு, மறுபடி தைக்கும் சாம்பிள் இதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மாதக் கடைசியில் கணக்கு கொடுத்தால் போதும். "ஏமாத்திருவாங்களே" என்று எம்.டி. சொல்வார். ஒரு மாதம் சோதனைக்கு விடச் சொல்லுங்கள். நான் பார்த்த இடங்களில் இப்படி விட்ட பிறகு செலவு ஏறியதில்லை. தன் கையெழுத்து என்றதும் ஜனங்கள் கருமிகளாகிவிடுகிறார்கள்.

அடுத்தது டி அண்ட் ஏ. எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று போடும் அந்த அட்டவணை. கப்பல் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகிறார்கள். இடம் பற்றாமல் போனால் டையிங்குக்கு ஏழு நாள் என்று எழுதிவிடுகிறார்கள். ஏழு நாளில் வராது என்று அட்டவணை போடுகிறவருக்கும் தெரியும், பட்டறைக்காரருக்கும் தெரியும், எம்.டி.க்கும் தெரியும். ஆனால் எட்டாம் நாள் காலை அது மெர்ச்சண்டைசரின் தாமதம் ஆகிவிடுகிறது. கடைசியாக முடித்த பத்து ஆர்டர்களை எடுத்து, காகிதத்தில் போட்ட நாள் எத்தனை, நிஜத்தில் ஆன நாள் எத்தனை என்று இரண்டு பத்தியாக எழுதி எம்.டி. மேஜையில் வையுங்கள். பேச வேண்டாம், வைத்தால் போதும். நிஜ நாட்களை வைத்துத் தேதி போட ஆரம்பித்தால் சில ஆர்டர்களுக்குப் பையரிடம் ஆரம்பத்திலேயே 'இந்தத் தேதி முடியாது' என்று சொல்ல வேண்டிவரும். அது கஷ்டமான பேச்சு. அந்தப் பேச்சைப் பேச வேண்டியவர் எம்.டி. இப்போது அதை அவருக்குப் பதிலாக 27 வயதுப் பெண் தினமும் தவணை முறையில் பேசிக்கொண்டிருக்கிறார்.

இரவு மெசேஜ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்து, அன்று அவர் மட்டும் எல்லோருடைய பையர்களுக்கும் பதில் சொல்லட்டும், மறுநாள் பதினொரு மணிக்கு வரட்டும். மற்றவர்கள் எட்டரைக்கு மேல் குரூப்பைப் பார்க்கக் கூடாது. எம்.டி.யும் இரவு பதினொரு மணிக்கு ஞாபகம் வந்ததைத் துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக் காலையில் அனுப்பட்டும். "நான் சும்மாதான் போட்டேன், காலைல பார்த்தாப் போதும்" என்று அவர் சொல்வார். முதலாளி பெயர் போனில் மின்னினால் யாரும் சும்மா என்று எடுத்துக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங் என்று ஒன்று கட்டாயம் வைத்திருப்பீர்கள். அதில் டயத்துக்குப் போன ஆர்டர்களைப் பற்றிப் பேச்சு உண்டா? நான் உட்கார்ந்து பார்த்த அளவில் எங்கும் கிடையாது. லேட்டானதால் கப்பலுக்குப் பதில் கூடுதல் செலவில் விமானத்தில், அதாவது ஏர் ஷிப்மென்ட்டில் போனது மட்டும்தான் பேசப்படும், அதுவும் பதினைந்து பேர் முன்னால், அந்த ஒருவரை நிற்க வைத்து. போட்ட உழைப்புக்கும் திரும்பக் கிடைப்பதற்கும் உள்ள ஏற்றத்தாழ்வே ஆளை நோயாளியாக்கும் என்று ஜெர்மனியின் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் எழுதினார். திரும்பக் கிடைப்பது என்று அவர் சொல்வதில் சம்பளம் ஒரு பகுதிதான். மரியாதையையும், இந்த வேலையில் நமக்கு மேலே போக வழி இருக்கிறது என்ற நம்பிக்கையையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார். ஏர் ஷிப்மென்ட் கணக்கைத் தனியறையில், சம்பந்தப்பட்டவரோடு மட்டும் பேசுங்கள். ஒருவரை நிற்க வைத்துக் கேட்டால் மற்ற பதினைந்து பேரும் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று, பிரச்சினையைக் கடைசி நிமிடம் வரை மறைப்பது எப்படி என்பது. அப்புறம் அதுவே அடுத்த ஏர் ஷிப்மென்ட்.

எம்.டி.யிடம் இதையெல்லாம் 'மன அழுத்தம்' என்ற பெயரில் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு டிரெய்னர் ஞாபகம்தான் வரும். கடந்த ஒரு வருடத்தில் விமானத்தில் அனுப்ப நேர்ந்த ஆர்டர்களை எடுத்து, அவற்றில் எத்தனை ஆர்டர் நடுவழியில் ஆள் விலகிப்போய் வேறொருவர் கைக்கு மாறியவை என்று பாருங்கள். மூன்று பேர் போயிருக்கிறார்கள் என்கிறீர்கள், கட்டாயம் சில இருக்கும். அந்தச் சரக்குக் கட்டணத்தைக் கூட்டி வையுங்கள். பக்கத்தில் 60,000 என்று எழுதுங்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று அவரே கேட்டால், சாம்பிளுக்கும் கூரியருக்கும் அலைய ஒரு ட்ரெய்னி பையனை மூன்று நான்கு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்படியும் ப்ரோக்ராம் வைத்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் மேனேஜர்களுக்கு வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மேலாளர்களுக்கான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. சனிக்கிழமை வேண்டாம். வார நாளில், வேலை நேரத்தில்.

மயங்கி விழுந்த பெண்ணைப் பற்றிக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், அதில் நான் நிதானமாகப் பேச வேண்டியிருப்பதுதான். 'டென்ஷன்தான்' என்று சொல்லி அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. மனநலத் துறையில் இருப்பவன் சொல்கிறேன், எல்லாவற்றையும் ஸ்ட்ரெஸ் கணக்கில் எழுதக் கூடாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறாரா, பகலில் தண்ணீர் குடிக்கிறாரா, டாய்லெட் போக எழுந்தால் யாராவது முகம் சுளிக்கிறார்களா என்பதெல்லாம் தெரியாமல் முடிவுக்கு வர முடியாது. ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். ரிப்போர்ட் உங்களுக்கு வர வேண்டியதில்லை, அது அவருடையது.

அதோடு தூக்கம் எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகச் சரியாகத் தூங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது வேலைக்களைப்பைத் தாண்டிய விஷயம். வேலையில் வரும் 'பர்ன் அவுட்' என்பதை உலக சுகாதார நிறுவனம் நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலையோடு சேர்ந்த ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறது. மனச்சோர்வு நோய் அப்படியில்லை, அதற்கு மருத்துவம் உண்டு, குணமாகும். செத்துவிடலாம்போல் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் வந்தால்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் வீட்டில் ஒருவரிடம் பேசுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் கொடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைவிட டாய்லெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

திங்கட்கிழமை அவர் வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு "இப்பப் பரவாயில்லையா?" என்று கேட்பார்கள், அதைத் தடுக்க முடியாது. அவர் லீவில் இருந்த நாட்களில் சேர்ந்த மெயில்கள் இன்னொரு பக்கம் காத்திருக்கும். அவர் பளுவைக் குறைக்கிறேன் என்று நீங்களாக இரண்டு ஆர்டரை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். 'இவளால் முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்' என்றுதான் அவருக்குப் படும். பத்து மணி வாக்கில், கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கையில் இருக்கும் ஆர்டர்களின் பட்டியலை மேஜைமேல் வைத்து, எந்த இரண்டை இறக்கிவைக்கலாம், யாரிடம் கொடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.